அக்காவின் முழங்காலும் என் காலும்

எங்கள் குடும்பத்தில் கால்பந்து தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாநிலப் பெண்கள் அணிக்கு ஆடிய என் அக்கா. இன்னொருவர், அப்போது எட்டு வயதுத் தங்கையான நான். இதை நானே சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரும் சொல்லப்போவதாகத் தெரியவில்லை.

அக்காவுக்குப் பதினேழு வயது. ரவாங்கில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பந்தோடு திரும்பும்போது இடது முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்தது. மறுபடி ஆட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அக்காவின் முழங்காலைப் பரிசோதிக்கும் நிபுணர்களாகிவிட்டார்கள்.

பந்திங்கில் இருக்கும் அத்தை ஒரு எண்ணெய்ப் போத்தலோடு வந்து, அக்காவைச் சம்மணம் போட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை முகம் சுளிக்காததால் கால் சரியாகிவிட்டது என்று அறிவித்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா தோப்புக்கரணம் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையாட்டினார். துறைமுகத்தில் லோரி ஓட்டும் அப்பா, டயரை அமுக்கிப் பார்ப்பதுபோல் முழங்காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “காத்து நல்லாத்தான் இருக்கு” என்பார். அம்மா மட்டும் தீர்ப்பு ஏதும் சொல்லமாட்டார். “வலிக்குதாடி?” என்று கேட்பார். அக்கா “இல்லம்மா” என்பாள். அதற்குமேல் கேட்க அம்மாவுக்கு ஒன்றும் இருக்காது.

இவர்கள் யார் சொல்வதும் செல்லாது. பிரிக்ஃபீல்ட்ஸில் அக்காவின் காலுக்குப் பயிற்சி கொடுத்துவந்த பிசியோ அக்கா சொல்வதுதான் செல்லும். மாநில அணிக்கு மறுபடி ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்திருந்தது. அதற்குள் பிசியோ அக்கா சரி என்று சொன்னால் என் அக்கா போகலாம். ஆறாத காலோடு போய் அது மறுபடி அறுந்தால், பிறகு வாழ்நாளுக்கும் ஆட்டம் கிடையாது. இரண்டும் அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் முதல் விஷயத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் என் பங்கு என்ன என்று கேட்டால், நான் அக்காவாக இருந்தேன். அவள் ஊன்றுகோல் வைத்து நடந்தபோது நான் கக்கத்தில் குடையை வைத்து நடந்தேன். அவள் முழங்காலுக்கு உறை போட்டாள். நான் பள்ளிக்கூடக் காலுறையின் நுனியை வெட்டி என் இடது முழங்காலில் மாட்டிக்கொண்டேன். மாடிப்படியில் அவள் இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதே படியில் சேர்த்து இறங்குவாள். பின்னாலேயே நானும் அப்படித்தான் இறங்குவேன். “ஆப்பரேஷன் ஒருத்திக்கு, நொண்டுறது ரெண்டு பேரா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அக்கா உறையைக் கழற்றிய நாளில் நானும் கழற்றினேன். வெட்டிய காலுறைக்காக நான் வாங்கிய அடியை இங்கே சொல்லவேண்டியதில்லை.

பிறகு சாயங்காலங்களில் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சில் ஆட ஆரம்பித்தோம். வாசலில் கழற்றிப்போட்ட சப்பாத்துகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கிடையே பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். அவள் போவாள், நான் போவேன். அக்கா என்னமாய் ஆடினாள் தெரியுமா. பக்கத்து வீட்டு ஆன்டிகூடப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். எனக்குப் பெருமை பிடிபடாது.

கடைசிப் பரிசோதனைக்கு அம்மா எங்கள் இருவரையும் கொமுட்டர் ரயிலில் கூட்டிப்போனார். பிசியோ அக்கா ஒற்றைக் காலில் தாவச் சொல்லி, இரண்டு காலும் தாவிய தூரத்தை டேப் வைத்து அளந்தார். ஏறக்குறைய சமம். கூம்புகளைச் சுற்றி ஓடச் சொன்னார். இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம், அக்கா சரியாகத் திரும்பினாள். அம்மாவின் முகத்தில் அப்போதே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு அலுப்பாக இருந்தது. வெளியே நடையில் ஒரு காலித் தண்ணீர்ப் போத்தலை உதைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலிகளைச் சுற்றி இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நிமிர்ந்தபோது, பிசியோ அக்கா கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கும் கால்ல அடியா?” என்றார்.

“இல்ல. நான் அக்கா மாதிரி ஆடுறேன்.”

“வீட்டுல அக்கா இப்படியா ஆடுறா?”

“இதே மாதிரிதான்” என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்று இன்னொரு முறையும் ஆடிக் காட்டினேன். எந்த நாற்காலி வந்தாலும் வலது காலை ஊன்றித்தான் திரும்பினேன். இடது காலை ஊன்ற வேண்டிய இடத்தில் நின்று, குட்டிக் குட்டி அடியாக வைத்துச் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா அப்படித்தான் போவாள். அது பெரிய ஆட்டக்காரர்களின் பாணி என்று நினைத்திருந்தேன்.

பிசியோ அக்கா திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் திரும்புன்னு சொன்னா நல்லாத் திரும்புறே. சொல்லாட்டி இடது காலை நம்பமாட்டேங்கிறே. இந்தத் தடவை வேணாம் லா. அடுத்த தடவை போ.” பிறகு என் தலையைத் தடவி அம்மாவிடம் சொன்னார்: “ஆன்டி, இனிமே வீட்டுல சின்னவளைப் பாருங்க. பெரியவ நம்மள ஏமாத்திடுவா. இவளுக்கு ஏமாத்தத் தெரியாது.”

என்னைத்தான் இனி நன்றாகக் கவனிக்க வேண்டும் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ரயிலில் அக்கா கிள்ளான்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். அவள் ஆட்டத்தை நான் அவ்வளவு புகழ்ந்தும் இப்படி அழுகிறாளே என்று எனக்கு வருத்தம்.

சில நாள் அவள் போர்ச்சுக்கு வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவளே பந்தை எடுத்துவந்து, “வா, முதல்ல இருந்து” என்றாள். மெதுவாக, மிக மெதுவாக ஆடினோம். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நாளில்கூட அதே போர்ச்சில் ஆடிக்கொண்டிருந்தோம். என் அக்கா அன்று அழவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே என்னைப் பார்ப்பார். ஒரு நாள் நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். அப்பாவின் சப்பாத்து குறுக்கே வந்தது. இடது காலை ஊன்றி, சட்டென்று திரும்பிப் போனேன். அம்மா கையிலிருந்த ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே ஓடி அப்பாவுக்குப் போன் செய்தார். “ஏங்க, சின்னவ திரும்பிட்டா” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. என் ஆட்டம் ஒருவழியாக இந்த வீட்டில் அங்கீகரிக்கப்பட்டது என்று நான் இன்னும் வேகமாக ஆடினேன்.

அடுத்த தேர்வில் அக்கா சேர்ந்துவிட்டாள். முதல் ஆட்டத்துக்கு அத்தை, பெரியப்பா உட்பட எல்லோரும் திடலுக்கு வந்திருந்தோம். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்திருந்தார். ஊரே திடலைப் பார்க்கிறது, அம்மா என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “அங்க பாருங்கம்மா” என்று பலமுறை சொல்லிவிட்டேன். பெற்ற மகள் ஆடும்போது இப்படி ஒரு அம்மா.

இரண்டாம் பாதியில் பந்து அக்காவிடம் வந்தது. எதிர்ப்பக்கப் பெண் ஒருத்தி முழு வேகத்தில் அவள்மேல் பாய்ந்து வந்தாள். அக்கா இடது காலை ஊன்றினாள், திரும்பினாள், அடித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் இடது காலை ஊன்றித் திரும்பினேன். பந்து வலைக்குள் போகும் முன்பே அம்மா என்னைப் பிடித்து இழுத்து, என் இடது முழங்காலில் முத்தம் கொடுத்தார்.

“கோல் அடிச்சது அக்காம்மா” என்றேன்.

அம்மா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். இவருக்குக் கால்பந்து கடைசிவரை புரியப்போவதில்லை என்று நினைத்து, நான் முழங்காலைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கத் திரும்பினேன்.