பன்னிரண்டாவது நாற்காலி

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பெரிய வியாழன். தங்கச்சிமடத்தில் எங்கள் மாதா கோயிலில் சாமியார், ஆண்டவர் இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவியது அந்த வருடம்தான் முதல் முறை. பதினொரு நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. கடைசி நாற்காலி மட்டும் காலி. அது யூதாஸ் இடமாம்! ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் இடத்தில் உட்கார்ந்தால் வலையில் மீனே விழாதாம். சாமியார் செம்பும் துண்டுமாக நிற்கிறார், ஒருத்தர் அசையவில்லை. எங்கள் அய்யா எழுந்து போய் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் அய்யா என்று கத்தத் தோன்றியது எனக்கு.

ஏனென்றால் எனக்கு நிச்சயம் முடிந்திருந்தது. பாஸ்கு, அதாவது ஈஸ்டர், கழிந்ததும் கோயிலில் ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை அதே வரிசையில் முதல் நாற்காலியில், இராயப்பர் இடத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது பேதுரு என்கிறார்களே, அவர்தான் இராயப்பர்.

மறுநாள் சிலுவைப்பாதைக்குப் போனேன். கோயில் வாசலில் படகுக்காரர்கள் நாலைந்து பேர் மாப்பிள்ளையை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, யூதாசு வீட்டுலயா பொண்ணு எடுக்கப் போற?"

"யாரு சொன்னா? சும்மா பேச்சுத்தான் நடந்துச்சு. அந்த ஆள எனக்கு அவ்வளவா பழக்கமில்ல."

அந்த ஆளாம்! எங்கள் அய்யாவோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், ஒரே சட்டிச் சோறு தின்கிறவர். ஐயோ ஆண்டவரே, இப்படியும் ஒரு மனுஷனா! இராயப்பரும் ஆண்டவரைத் தெரியாது என்றுதான் சொன்னார், உடனே சேவல் கூவியது; இங்கே சேவல் கூவாததுதான் பாக்கி. வீட்டுக்கு வந்து அய்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

பாஸ்கு அன்று சாயங்காலம் மாப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றார், கண்ணெல்லாம் சிவந்து.

"மாமா, வாய் தவறிருச்சு" என்று விம்மினார்.

அம்மா கதவைச் சாத்தப் போனாள். அய்யா அவளை விலக்கிவிட்டு, குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து குந்தினார். அந்த மனுஷன் காலில் ஒட்டியிருந்த மணலைத் தம் கையாலேயே கழுவினார்.

"யூதாசு காலயும் ஆண்டவரு கழுவத்தான செஞ்சாரு. ஒன் காலு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? உள்ள வா, மாப்ள."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அய்யாவுக்குப் பெரிய மனசு, மன்னித்துவிட்டார். ஆயுசுக்கும் குடித்தனம் நடத்தப்போகிறவள் நானல்லவா? நாளைக்கு நாலு பேர் சிரித்தால் என்னையும் யாரென்று தெரியாது என்பார்.

"அய்யா, எனக்கு இந்த மாப்ள வேணாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு பெண் அப்படிச் சொன்னதே இல்லை. அய்யா கையில் செம்போடு அப்படியே குந்தியிருந்தார்.