எதிர்வீட்டுக்கு ஒரு சொல்

காலையில் எழுந்து வந்தபோது வாசலில் தார்ப்பாய் விரித்து அம்மா மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பச்சை மணிகள் வெயில் ஏற ஏறக் கறுக்கும். அப்போது ஒரு வாசம் வரும். முழுக் காரமும் இல்லை, ஈர மரப்பட்டையைக் கீறியது போல. எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில் இந்தப் பருவத்தில் எந்த வாசலைத் தாண்டினாலும் இதே வாசம்தான் என்பதால் நாங்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

அம்மா காலால் மிளகைத் துழாவிக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த எதுத்தூட்டுப் புள்ளைக்கு ஒரு பொட்டணம் அனுப்பிச்சுடலாமா?"

"எங்க இருக்காங்கன்னே தெரியலம்மா."

"அதெப்படித் தெரியாமப் போவும்? நம்மூட்டுல சோறு தின்னவங்க."

அம்மாவின் நியாயப்படி, நம் வீட்டில் சோறு தின்றவர்கள் காணாமல் போக முடியாது. உள்ளே வந்து மடிக்கணினியைத் திறந்தேன். வாசம் பின்னாலேயே வந்தது.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எதற்கும் பட்டியல் போடுவேன். வேலைக்காக ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது பெட்டிக்கு ஒரு பட்டியல்: சாமை, மிளகு, மஞ்சள்தூள், மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்வரை கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழம். அந்தப் பழம் மட்டும்தான் திட்டமிட்டபடி வேலை செய்தது.

வடக்கே ஒரு சின்ன ஊர், மூன்றாவது மாடி. எதிர்க்கதவில் ஜார்ஜியாவிலிருந்து வந்த நீனோவும் அவள் கணவன் தாவித்தும். அவன் ஓர் எந்திரக் கம்பெனியில், அவள் ரொட்டிக்கடையில். எங்கள் மூவருக்குமே ஜெர்மன் இரவல் மொழி. யாரும் யாரையும் திருத்துவதில்லை. அதனால்தான் சிநேகமானோம் என்று நினைக்கிறேன். அவர்கள் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ஒருநாள் கூப்புட்டுச் சோறு போடு சாமி. தட்டு காலியாவாமப் பாத்துக்கோ," என்று அம்மா போனில் சொல்லியிருந்தார். சாமைச் சோறும் மிளகு அரைத்த கோழிக் குழம்பும் வைத்துவிட்டு, கரண்டியோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நம் வழக்கம் அதுதானே. இருவரும் தட்டைத் தொடவில்லை.

"நீ சாப்பிடலையா?" என்றான் தாவித்.

"நீங்க முதல்ல."

அவன் தட்டை மனைவி பக்கம் நகர்த்தினான். "நீ தின்னு பாரு. உயிரோட இருந்தா நான் ஆரம்பிக்கிறேன்."

நீனோ ஒரு வாய் தின்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இருமி முடித்துவிட்டு அவனிடம் சொன்னாள்: "நல்லாருக்கு. வா, நீயும் சாவு."

நானும் உட்கார்ந்து தின்றேன். கிளம்பும்போது ஒரு சிறு சீசாவில் மிளகு கொடுத்தேன். அதிலிருந்து கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிட்டது. அவள் கடையில் மிஞ்சிய ரொட்டி கொண்டுவருவாள், நான் ரசப்பொடி கொடுப்பேன். ஒருமுறை, வால்நட்டை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றில் முக்கிக் காயவைத்த அவள் ஊர் இனிப்பைத் தந்தாள். நான் அதை மெழுகுவத்தி என்று நினைத்து அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தேன். மின்சாரம் போகாத ஊர் என்பதால் மானம் தப்பியது.

பிறகு அவர்கள் வீட்டில் எனக்கு விருந்து. முடிந்து எழுந்தபோது, நாக்குப் பழக்கத்தில், "வாரேன்" என்பதை அப்படியே ஜெர்மனில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. நீனோ இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சூப் ஆறிப்போச்சு. வர்றேன்னு சொன்னவ எங்க?"

விளக்குவதற்குள் திணறிவிட்டேன். எங்கள் ஊரில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக்கூடாது, திரும்ப மாட்டோம் என்று ஆகிவிடும், அதனால் வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று சொல்லி, "வாரேன்" என்று தமிழிலேயே சொல்லிக் காட்டினேன். தாவித் உள்ளே இருந்தபடியே, "அப்ப உங்க ஊர்ல யாருமே போறதில்லையா? எடம் எப்படிப் பத்துது?" என்றான்.

அன்றிலிருந்து அவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். குப்பை போடக் கீழே இறங்கினாலும் தாவித் என் கதவுக்கு நேரே நின்று, ஏகாரத்தைக் குறுக்கி, "வாரென்" என்று கத்திவிட்டுத்தான் போவான்.

வசந்தத்தில் தாவித்தின் கம்பெனி மூடப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்திருந்த விசாவில் அவனுக்கு வேலை இருந்தால்தான் அங்கே தங்கலாம். கெடு முடிவதற்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன்: கம்பெனிகளின் பட்டியல், அழைக்க வேண்டிய ஆட்களின் பட்டியல், அவன் அனுபவத்தை எழுத வேண்டிய வரிசை. ஒவ்வொன்றாக முடித்தோம். எல்லாவற்றுக்கும் எதிரே சரி என்று குறி போட்டாகிவிட்டது, வேலை மட்டும் வரவில்லை. பிழை எங்கே என்று தேடினேன். பிழையே இல்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

கெடு முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பிய கடைசி நாள், வீட்டுப் பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டதால் என் வீட்டில் சாப்பாடு. அதே சாமை, அதே குழம்பு. நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டே இருந்தேன். இருவரும் போதும் என்று சொல்லாமல் தின்றார்கள். நீனோ தன் ரொட்டிக் கத்தியை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தாள். நான் கொடுத்த மிளகுக்குப் பெட்டியில் இடமில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் நின்று கேட்டாள்: "திரும்பி வராதவங்க உங்க ஊர்ல என்ன சொல்லணும்?"

அந்தச் சொல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைச் சொல்லி வாயில் அடி வாங்கியிருக்கிறேன்.

"அப்படி ஒரு சொல் இல்ல," என்றேன்.

"நல்ல மொழி," என்றான் தாவித். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாரென்" என்றான். நீனோ மிளகு இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் புது எண் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. பழைய எண்ணில் மணி அடிப்பதும் நின்றது. அங்கே என் வேலையும் முடிந்து நான் ஊர் திரும்பி மலையேறிவிட்டேன். அந்த மூன்றாவது மாடியில் இப்போது இரண்டு கதவிலும் வேறு பெயர்கள் இருக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் தாவித் கத்திய அந்தச் சொல்லைத் தங்கள் மொழியென்றே நினைத்திருப்பார்கள். ஜெர்மனில் 'வாரென்' என்று ஒரு சொல் உண்டு. இருந்தார்கள் என்று பொருள்.