சட்டி ஒரு கையில், தூண்டில் ஒரு கையில்

நெவில் பாட்மோர் விரலை நாக்கில் தொட்டுக் காற்றில் நீட்டினால், தூண்டில் வீசுவதற்குக் காற்றடிக்கும் திசை பார்க்கிறார் என்று எங்கள் தூண்டில்காரர் சங்கத்தில் புதிதாய்ச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். அவர் பார்ப்பது அடுப்புக்கு. எந்தப் பக்கம் தகரத்தை வைத்து மறைத்தால் தீ ஆடாமல் எரியும் என்பது முடிவான பிறகுதான் தூண்டில் உறையின் வார் அவிழும். அதற்குள் எங்களில் பாதிப்பேர் முதல் மீனை வலையில் போட்டிருப்போம்.

நாங்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். ஸ்டோக் நகரத்துக்கு வெளியே, பீங்கான் தொழிற்சாலைக்காகக் களிமண் தோண்டித் தோண்டி உண்டான குளத்தின் கரையில், எண் போட்ட பலகை மேடைகளில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. மற்றவர்களின் கைவண்டியில் தூண்டில் சாமான் நிறைந்து வழியும். ஓர் ஓரத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் நசுங்கிக் கிடக்கும். நெவிலின் வண்டியில் தூண்டில்தான் நசுங்கிக் கிடக்கும். பெட்டிபோல் மடங்கும் ஒற்றை கேஸ் அடுப்பு, பிடியை அறுத்தெடுத்துவிட்டு இடுக்கியால் தூக்குகிற இரும்புச் சட்டி, ஒரு பக்கம் சப்பிப்போன கெட்டில், மூன்று பிஸ்கட் டின் மூடிகளைக் கீல் வைத்து இணைத்த காற்றுத்தடுப்பு. முட்டைகள் உடையாமல் வருவதற்குப் புழு டப்பாவில், மரத்தூளுக்குள் பதுங்கியிருக்கும். அப்படியானால் புழுக்கள் எங்கே என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை தெரியாமல் வெண்ணெய் டப்பாவைத் திறந்தேன்.

ஒரு டின் மக்காச்சோளம் வாங்கினால் பாதி கெண்டைக்கு, பாதி சட்டிக்கு. "அதுகளும் நாமளும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுறோம், வாத்து. இதைவிட என்ன மரியாதை வேணும்?" என்பார். வாத்து என்பது நான்தான். இந்த ஊரில் பஸ் ஓட்டுநரும் பல் வைத்தியரும்கூட யாரைப் பார்த்தாலும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது. இப்போது என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான் ஏதோ கெட்ட செய்தி என்று பயம் வருகிறது.

சட்டியில் விழுவது பெரும்பாலும் ஓட்கேக். பேர்தான் கேக், பார்த்தால் நம் தோசை. ஓட்ஸ் மாவில் வார்த்தது. காலை ஆறு மணிக்குக் கடையில் சுடச்சுட வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். முதலில் பேக்கன் என்கிற பன்றி இறைச்சிக் கீற்றுகளைப் போட்டு முறுகவிட்டு, அது விட்ட கொழுப்பிலேயே ஓட்கேக்கைச் சூடாக்கி, மேலே சீஸைத் துருவித் தூவி, அது உருகிக் குமிழ் விடும் நேரம் பார்த்து மடிப்பார். அந்த நேரத்தைக் கண்ணால் பார்க்க மாட்டார், காதால் கேட்பார். பீங்கான் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் சூளை பார்த்த காது அது. "அடுத்தவன் திங்குற தட்டை சுட்டுச் சுட்டுக் குடுத்தேன். அதுல என்ன விழுந்துச்சுன்னு ஒருத்தனாவது வந்து சொன்னானா?" என்று ஒருநாள் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு என்னவோபோல் இருந்தது.

நான் சங்கத்தில் சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். பிடித்த மீனையெல்லாம் எடை போட்டுவிட்டுத் திரும்பக் குளத்திலேயே விட்டபோது, வயிறெரிந்து, "இதையே சட்டியில போட்டுப் பொரிக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். கரை முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. நெவில்தான் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"வந்த விருந்தாளிய யாராவது பொரிப்பாங்களா?"

"கொக்கியை வாயில மாட்டித்தான் விருந்தாளியக் கூப்பிடுவீங்களா?"

"அது பத்திரிகை வைக்கிற மாதிரி, வாத்து."

வீட்டில் அவருக்கு அடுப்பங்கரையில் கால் வைக்க அனுமதி கிடையாது. இருபத்தைந்து வருஷம் முன்னால் ஜன்னல் திரையைக் கொளுத்திவிட்டார். அவர் மனைவி லினெட் அதை மறக்கவில்லை. "குளத்துல என்ன வேணா கொளுத்திக்கட்டும். அணைக்கத் தண்ணியாவது பக்கத்துல இருக்கு. இங்க ஒரு கரண்டியத் தொட்டாரு, அவ்வளவுதான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆக, நெவிலுக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு சமையலறை. அதற்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது, மாதம் ஒருநாள்தான் திறந்திருக்கும்.

அதனால்தானோ என்னவோ, சட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டார். எனக்குத் தன் தூண்டிலைத் தந்திருக்கிறார், மழைக்கோட்டைத் தந்திருக்கிறார், ஒருமுறை காரையே தந்தார். சட்டியை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்கிறேன் என்று நான் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். "உனக்கு இன்னும் பக்குவம் வரல" என்பதுதான் பதில்.

வினை ஆகஸ்ட் மாதம் வந்தது. நெவில் இரண்டு கையாலும் முட்டை உடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு கெண்டை அவருடைய தூண்டிலைக் கம்போடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பு குளத்தைக் குறுக்கே கடந்து, போகிற வழியில் நாலு பேருடைய தூண்டில் நரம்புகளைச் சிக்கலாக்கி, எதிர்க்கரை நாணலில் போய் நின்றது. போதாததற்கு, சூட்டோடு சட்டியை இறக்கி வைத்ததில் சங்கத்தின் மேடைப் பலகையில் வட்டமாய் ஒரு கறுப்புத் தழும்பு. செயலாளர் கென் கிளவ்லோவுக்கு வேறென்ன வேண்டும்? சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கிற மனிதர் அவர். கூட்டம் போட்டார், தீர்மானம் எழுதினார். நரம்பு தண்ணீரில் இருக்கும்போது கம்பிலிருந்து கை எடுக்கக் கூடாது. சூட்டுச் சட்டியைப் பலகையில் வைக்கக் கூடாது. செப்டம்பர் போட்டிதான் கடைசி வாய்ப்பு. ஒருதரம் தவறினாலும் நெவிலின் அடுப்பு அந்தக் கரைக்கு இனிமேல் வரக் கூடாது.

"சமைக்கிற நேரம் மட்டும் நரம்பை மேல எடுத்துடுங்களேன்" என்று நான் நெவிலுக்கு யோசனை சொன்னேன். என்னை அற்பமாகப் பார்த்தார்.

"அப்புறம் அதுக்குப் பேரு வெறும் சமையல். லினெட்டுக்குத் தெரிஞ்சா குளத்துலயும் தடை போட்டுருவா."

போட்டியன்று கென் தன் தூண்டிலைக் கொண்டு வரவே இல்லை. மடக்கு நாற்காலி, நோட்டு, பென்சில், நாலு வெள்ளரிக்காய் சாண்ட்விச். நெவிலின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப்பையே தியாகம் செய்திருக்கிறார் என்றால் பாருங்கள். நான் பக்கத்து மேடை.

நெவில் சளைக்கவில்லை. அடுப்பை இடது முழங்கால் பக்கம் வைத்துக்கொண்டு, வலது கையைக் கம்பிலிருந்து எடுக்காமல், இடது கையாலேயே பேக்கனைப் புரட்டினார். முட்டையைக்கூட ஒற்றைக் கையால் உடைத்தார். வீட்டில் கோப்பை விளிம்பில் பயிற்சி செய்தாராம், லினெட் தூங்கின பிறகு. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பின்னாலிருந்து குரல் வரும்.

"நெவில், கம்புல கை இருக்கா?"

"இருக்கு வாத்து, இருக்கு. உன் கண்ணுதான் சட்டியில இருக்கு."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தாலும், இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நாள் முழுக்கக் கம்பைக் கையில் வைத்திருந்ததால், நெவில் மீன் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு மணிக்கு அவருடைய வலைப்பை எங்கள் எல்லோருடையதையும்விடக் கனத்திருந்தது. எதிர்க்கரை ரேமண்ட் மட்டும்தான் கிட்டத்தட்டச் சமம். இன்னும் ஒரு நல்ல மீன் விழுந்தால் வெற்றிக் கோப்பை நெவிலுக்கு. இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்தக் கோப்பையைத் துடைக்கக்கூடத் தொட்டதில்லை.

அதற்குள் எனக்கு மூன்று ஓட்கேக் உள்ளே போயிருந்தது. கென்னிடமும் மூன்றுதரம் நீட்டினார். மூன்றுதரமும் கென், "வேலையில இருக்கேன்" என்று வெள்ளரிக்காயைக் கடித்தார். பிறகு காற்று திரும்பியது. பேக்கன் வாசனை நேராகக் கென்னின் முகத்தில் போய் மோதியது. பாவம், மனிதர் நாற்காலியை இரண்டுதரம் நகர்த்திப் பார்த்தார். வாசனையும் கூடவே நகர்ந்தது. நெவில் திரும்பிப் பார்க்காமலே புதிதாய் ஓர் ஓட்கேக்கை எடுத்துச் சட்டியில் போட்டார்.

"அது யாருக்கு?" என்றார் கென்.

"உனக்கு."

"நான் கேக்கலையே."

"நீ கேக்கல. உன் வயிறு அரை மணி நேரமா கேட்டுக்கிட்டிருக்கு. அந்தச் சத்தத்துக்குத்தான் என் தக்கை ஆடுது."

சீஸைத் தூவினார். சரியாக அந்த நொடியில் தக்கை ஆடவில்லை, காணாமலே போய்விட்டது. கம்பு வில்லாக வளைந்தது. நரம்புச் சுருள் கத்திக்கொண்டே அவிழ்ந்தது. ஆகஸ்டில் வந்த அதே விருந்தாளியாகக்கூட இருக்கலாம், அப்படி ஓர் இழுப்பு. ஒற்றைக் கையால் அதைத் தாங்க முடியாது. இரண்டு கையும் கம்புக்குப் போனால் சட்டிக்குக் கை இல்லை.

"அடுப்ப அணைங்க!" என்று நான் கத்தினேன்.

"சீஸ் பாதி உருகி நிக்குதுடா! இப்ப அணைச்சா அது ஓட்கேக் இல்ல, செருப்பு!"

"கம்ப விடாத! கம்ப விடாத, நெவில்!" என்று கென் எழுந்து நின்றார். முதல்தரம் சொன்னது செயலாளர். இரண்டாம் தரம் சொன்னது மீன்பிடிக்கிறவர்; குரலிலேயே தெரிந்தது.

நெவில் கம்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டி இப்போது என் கைக்குத்தான் வரப் போகிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பதினோரு வருஷத் தவம். என் கம்பைப் புல்லில் போட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் என்னைத் தாண்டித் திரும்பினார்.

"கென், புடி."

நீட்டியது கம்பை.

ஒருவர் மாட்டிய மீனை இன்னொருவர் இழுத்தால் அந்த மீன் போட்டியில் சேராது. அந்த விதியை எழுதியவரே கென்தான். ஆனால் அவர் மூளைக்கு அது எட்டுவதற்கு முன்னால் கை வாங்கிவிட்டது. காலை ஏழரையிலிருந்து பென்சிலைப் பிடித்துப் பிடித்துத் தவித்த கை. பன்னிரண்டு நிமிடம் இழுத்தார். சேற்றில் முழங்காலிட்டு, தொப்பி எங்கோ விழுந்து கிடக்க, "வாடி செல்லம், வா வா, அந்தப் பக்கம் போகாத, நாணல் இருக்கு" என்று கொஞ்சிக்கொண்டே இழுத்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். நான் கைவலையை நீட்டித் தூக்கினேன். பதினேழு பவுண்டாவது இருக்கும், கைக்குழந்தைபோல் ஒரு கெண்டை. கென் அதை இரண்டு கையிலும் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீரில் மெல்ல விட்டார். முழங்கை வரைக்கும் மீன் வழுவழுப்பு.

"பெருசா?" என்றார் நெவில், சட்டியிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"கப்பு போச்சே" என்றேன் நான். எனக்குத்தான் தாங்கவில்லை.

"உருகுன சீஸைத் திரும்ப உருக்க முடியாது, வாத்து. மீன் எங்க போயிடப் போவுது? அங்கதான இருக்கு."

அப்போதுதான் கென்னுக்குத் தான் யார் என்று ஞாபகம் வந்தது. நாற்காலியில் கிடந்த நோட்டைப் பார்த்தார். எழுதுவதற்கு என்ன இருக்கிறது? கம்பு ஒரு நொடியும் கையில்லாமல் இருக்கவில்லை. யாருடைய கை என்று எழுதினால் முதல் குற்றவாளி செயலாளர். என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன பாத்த?"

"நானா? என் தக்கையப் பாத்துக்கிட்டிருந்தேன்." உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவன் இல்லை நான். அந்த நேரத்தில் கரையிலேயே கையில்லாமல் கிடந்தது என் கம்பு ஒன்றுதான். நல்லவேளை, அதை யாரும் கவனிக்கவில்லை.

மடித்துச் சிறு தீயில் சூடாக வைத்திருந்த ஓட்கேக்கை நெவில் எடுத்தார். கென் கையை நீட்டி, வழுவழுப்பைப் பார்த்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாயத் திற" என்றார் நெவில்.

"போடா."

"ஆறிடும். திற."

கென் எதிர்க்கரையை ஒருதரம் பார்த்தார். வாயைத் திறந்தார். நெவில் ஊட்டினார். முதல் கடியிலேயே கென்னின் கண் மூடிக்கொண்டது.

"உள்ள என்ன வச்சிருக்க?" என்றார் வாய் நிறைய.

"உன் மீனுக்குப் போட்ட அதே சோளம்தான்."

அடுப்பை அணைத்துவிட்டு, நெவில் இடுக்கியால் சட்டியைத் தூக்கினார். பலகையில் வைக்கக் கூடாது. புல் ஈரமாக இருந்தது. சட்டியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கென்னால் பேச முடியவில்லை; அடுத்த வாய் உள்ளே இருந்தது. மோவாயால் நாற்காலியைக் காட்டினார். அதன்மேல் நோட்டு கிடந்தது.

நெவில் சட்டியின் அடியிலிருந்த கரியைப் பழந்துணியால் ஒருதரம் நன்றாகத் துடைத்துவிட்டு, சட்டியை நோட்டின் நடுவில் வைத்தார்.