வெள்ளித் தாள்

லேப்டாப் பழுதுபார்க்கும் அவளுக்குப் பட்டாசு அக்கா என்று பேர். சும்மா வந்த பேர் இல்லை. புது லேப்டாப்போடு யாராவது அவள் கடைக்கு மாடிப்படி ஏறினாலே ஆரம்பித்துவிடுவாள்.

"மெல்லிசா இருக்கணுமாம்! மனுஷனுக்கே தொப்பை தொங்குது, மெஷினுக்கு எதுக்குய்யா இடுப்பு? பேட்டரியப் பசை போட்டு ஒட்டியிருக்கான். பிரிச்சா வெடிக்கும், பிரிக்கலன்னா வீங்கும்."

எதிர்த்துப் பேசிய ஒருவனைக் கீபோர்டாலேயே சாத்தியிருக்கிறாள். அம்மா செத்தபோது தம்பிக்கு நாலு வயது. அவனை வளர்த்தவள் இவள்தான். அவன்மேல் மட்டும் அவள் கை பட்டதே இல்லை. அதுதான் தப்பாகப் போயிற்று.

கடையில் கூடமாட வேலை செய்கிற தம்பி ஒருநாள் ஒரு கட்டு வெள்ளித் தாளோடு வந்தான். செயற்கைக்கோளில் ஒட்டுகிற தாளாம், லேப்டாப் அடியில் ஒட்டினால் சூட்டை உறிஞ்சிவிடுமாம்.

"மேல போனது திரும்பி வந்து உன்கிட்ட சொல்லுச்சாடா? காத்துப் போற ஓட்டைய அடைச்சா அடுப்பாயிடும். கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் அவள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, பழுதுக்கு வந்த லேப்டாப்களில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

போன வாரம் ஒரு மத்தியானம் லாரி டிரைவர் ஒருவர் கருகிய லேப்டாப்போடு ஏறி வந்தார். "மடியில வச்சுப் படிச்சிட்டிருந்தா என் பொண்ணு. தொடை வெந்து ஆஸ்பத்திரியில கிடக்குறா. இதை ஒட்டினது யாரு?"

கருகலில் வெள்ளி மின்னியது. தம்பி மேசைக்குப் பின்னால் ஒடுங்கினான். இந்த ஆள் கையில் சிக்கினால் தம்பி உயிரோடு மிஞ்சமாட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான்" என்றாள்.

லேப்டாப்பின் விளிம்பு அவள் வாயில் இறங்கியது. இரண்டு பல் தெறித்தது. மேசையில் பரப்பியிருந்த திருகாணிகள்மேல் ரத்தம் கொட்டியது. டிரைவர் மறுபடி ஓங்கினார்.

தம்பி எழுந்தான். தடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள்.

"அண்ணே, வேண்டாம்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அக்கா கேக்கவே இல்ல!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, ஒட்டினது இவன்தான்" என்று சொல்லி வழிவிட்டாள்.

முதல் அடியிலேயே தம்பி "அக்கா!" என்று அலறினான். அவன் கை உடைகிற சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை.