ஒரு வாய்க் கீரை

எல்லம்மாளக்காவின் வலது கை அடிக்கடி இடுப்பு மடிக்குப் போகும். யாரிடமாவது பேசும்போது போகும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் போகும். மடியில் வெல்லத் துண்டுகள் இருக்கும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக அக்காவுக்குப் பக்கத்தில் பல வருடங்களாகப் பொரிகடலை விற்கிறேன். எனக்கு அதிகம் பேச வராது. பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பௌர்ணமிக்கு வருகிறவர்கள் மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பது வழக்கம். அக்காவிடமே கட்டு வாங்கி அக்காவின் மாட்டுக்கே கொடுப்பார்கள். மாடு ஒன்றுதான், பெயர் செவலை. வருகிற கட்டையெல்லாம் தின்றால் அதன் வயிறு ஊதிவிடும், விற்கவும் கீரை மிஞ்சாது. அதனால் செவலை கிடேரியாக இருந்தபோதே அக்கா அதைப் பழக்கினாள். ஒரு வாய் கடித்துவிட்டு முகத்தைத் திருப்பினால் வெல்லம். இரண்டாவது வாய்க்கு நாக்கை நீட்டினால் மூக்கின்மேல் வேப்பங்குச்சியால் ஓர் அடி. கொடுத்தவர் கும்பிட்டு நகர்ந்ததும் மிச்சக் கட்டு கூடைக்குத் திரும்பிவிடும்.

செவலை சீக்கிரமே கற்றுக்கொண்டது. பிறகு அக்கா வெல்லத்தைக் குறைத்தாள். எப்போதாவதுதான் கொடுத்தாள். அதற்குப் பிறகு மாடு இன்னும் வேகமாகத் திரும்பியது. இந்த முறை கிடைக்குமோ என்று மடியையே பார்த்தது. குச்சியை ஓங்க வேண்டியதே இல்லை, பக்கத்தில் கிடந்தால் போதும்.

"இன்னாக்கா, உம் மாடு வெரதமா?" என்பான் பூ விற்கிற மூர்த்தி.

"உன்னாட்டம் அலையாதுடா. மரியாதி தெரிஞ்ச மாடு."

போன ஐப்பசியில் செவலை கன்று போட்டது. அதோடு தீனி எடுப்பதை நிறுத்திவிட்டது. தொட்டியில் வைத்தது அப்படியே கிடந்தது. மாட்டு டாக்டர் பரசுராமன் ஊசி போட்டார். வயிறு புளித்திருக்கிறது, இனிப்பு மட்டும் காட்டவே கூடாது, பச்சைத் தழை உள்ளே போனால்தான் பிழைக்கும் என்றார்.

"கையால ஊட்டுங்கம்மா. பழகுன கைய எந்த மாடும் வாணாம்னு சொல்லாது."

அக்கா கீரையை நீட்டியதும் செவலை தலையைத் தூக்கியது. ஒரு வாய் கடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா அந்தப் பக்கம் போய் நீட்டினாள். மாடு கண்ணை இறுக்க மூடி மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டது.

"துன்னு தாயி. அடிக்கமாட்டேன். பாரு, கையில ஒண்ணுமில்ல."

நான் நீட்டினேன். எனக்கும் ஒரு வாய்தான். அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டாள். யாத்ரீகர்கள் மாதிரி ஒவ்வொருவராக வந்து கீரை கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போனோம். வாசல்வரை போய் மறுபடி வந்தோம். ஒவ்வொருவரிடமும் செவலை ஒரு வாய் வாங்கியது. பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் பிறகு அது அக்காவின் மடியைப் பார்த்தது. மடி காலியாக இருந்தது. மறுநாள் பாதிப் பேரிடம்தான் வாங்கியது. அதற்கடுத்த நாள் யார் நீட்டியும் வாயைத் திறக்கவில்லை. அக்கா பொறுக்க முடியாமல் கொஞ்சம் வெல்லம் எடுத்துவந்தாள். செவலை அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் சொல்லிக் குடுத்தத ஒண்ணுகூட மறக்காம வெச்சிருக்குது, பாரேன்" என்றாள் என்னிடம். அன்று சாயங்காலம் செவலை செத்துப்போனது.

கன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அது தழை தின்னத் தொடங்கியதும் ஒரு பௌர்ணமிக்குக் கூட்டிவந்தாள். கொடுத்த கட்டையெல்லாம் முழுசாகத் தின்றது. குச்சி எடுக்கச் சொன்னான் மூர்த்தி. அக்கா எடுக்கவில்லை. பெருங்கூட்டம் வருவதற்குள் கூடை காலியானது. கன்றுக்கு வயிறு ஊதி, மருந்து ஊற்ற வேண்டியதாயிற்று.

இப்போது அக்கா கடை போடுவதில்லை. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். கன்றை விற்றுவிட்டாள். அவள் இடத்தில் வேறு ஒருத்தி மாடு கட்டியிருக்கிறாள். அந்த மாடும் ஒரு வாய்தான் தின்கிறது.