பெயரில் ஒன்றும் இல்லாதவர்

தொலைந்துபோன பத்திரத்துக்குப் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அறுபதை ஒட்டி, என் வயதுதான் இருக்கும். சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தார். காக்கி உடுப்பு கடந்துபோகும்போதெல்லாம் எழுந்து, விலங்கு மாட்டக் கொடுப்பதுபோல இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவார். பிறகு வெட்கப்பட்டு உட்காருவார்.

எனக்கு ஆண்களிடம் பேச வராது. அவராகத்தான் சொன்னார்.

“எங்கூர்ல கெணத்து மோட்டார் வயரு களவு போனாப் போதும் ஆத்தா, மொதல்ல என்னையத்தான் ஸ்டேசனுக்கு இழுத்துட்டுப் போவாக. வச்சிருந்து அடிச்சு விடுவாக. இப்ப குமுளிப் பக்கம் ஏலக்காத் தோட்டத்துல காவல் வேலை இருக்கு. எம்பேர்ல என்னென்ன கேசு இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாக. கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். கொஞ்சமா இருந்தா, கால்ல விழுந்தாவது வேலைய வாங்கிருவேன்.”

உள்ளேயிருந்து ஏட்டு ஒரு தாளோடு வந்தார். “யோவ் பெருசு, ஒம்பேர்ல ஒரு கேசும் இல்லய்யா. சந்தோசமாப் போ.”

அவர் தாளை வாங்கவில்லை. “நல்லாப் பாருங்கய்யா.”

“பாத்தாச்சு. கேசு இல்லன்னு வருத்தப்படுற ஆளு நீ ஒருத்தன்தான்யா.”

“அப்ப எதுக்குய்யா இத்தன வருசமா அடிச்சாக?”

ஏட்டு தாளைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் மெல்ல, “வேலை கெடைச்சிரும்ல அண்ணே?” என்றேன்.

“கெடைக்கும் தாயி. என்னையக் களவாணின்னு நெனச்சுக்கிட்டேதான் எம்பொண்டாட்டி செத்தா. அவகிட்ட இத எப்படிக் காட்ட?”

நல்ல சேதி வந்த பிறகு ஒரு மனிதர் அப்படி இடிந்து உட்கார்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.