இடம் பிடித்த நாற்காலி

நாமக்கல் கடைவீதியில் வண்டி நிறுத்துவதை ஒழுங்குபடுத்தியபோது எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஒரு பக்கம் வெள்ளைக்கோடு போட்டார்கள். மறுபக்கம் தடைப் பலகை வைத்தார்கள். வீதிக் கோடியில் இருந்த காலி இடம், கார்களுக்கான கட்டண நிறுத்தம் ஆனது.

அதுவரை அங்கே புதிய லாரி சேசிஸ்கள் நின்றன. என்ஜின், சக்கரங்கள், நீண்ட இரும்புச் சட்டம், அவ்வளவுதான். பாடி கட்டும் பட்டறையில் முறை வரும்வரை அவை எங்காவது நிற்க வேண்டும். இடம் போனதும் பின்னால் இருந்த எங்கள் தெருவுக்குள் வந்தன.

எதிர்வீட்டு அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவரால் சில அடிகள் நடக்க முடியும், அதற்குமேல் உட்கார வேண்டும். கேட் அருகே ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டோவுக்குக் காத்திருப்பார். வழக்கமாக ஒரே ஆட்டோக்காரர்தான் வருவார்.

ஒரு காலையில் அவர்கள் வாசலை அடைத்து சேசிஸ் நின்றது. ஆட்டோ தெரு நடுவில் நின்று அவரை ஏற்றியது. அப்போது வந்த போக்குவரத்துக் காவலர், அபராதம் போட ஆட்டோவைச் செல்போனில் படம் எடுத்தார்.

"ஏனுங்க, வாசலை அடைச்சு நிக்கிறது அது. இவருக்கு எதுக்குங்க அபராதம்?" என்றார் அந்த அம்மாவின் கணவர்.

"அதுக்கு இன்னும் நம்பரே வாங்கலீங்க. நம்பர் இல்லாம மிஷின்ல ஏறாது."

"அப்ப நானும் நம்பர் பிளேட்டைக் கழட்டிப் போட்டுட்டு வாரேனுங்க சார்," என்றார் ஆட்டோக்காரர். காவலர் சிரித்தார். ஆனால் அபராதத்தை விடவில்லை.

நானும் எதிர்வீட்டுக்காரரும் பட்டறைக்குப் போனோம். மேஸ்திரி மரியாதையாகவே பேசினார். "இப்பவே எடுக்கச் சொல்றேனுங்க. எங்க கொண்டுபோய் உடறதுன்னு மட்டும் சொல்லுங்க." நாங்கள் திரும்பி வந்தோம். அந்த சேசிஸை எடுத்தார்கள். இரண்டு நாளில் வேறொன்று வந்தது.

"வாசல்ல எடம் இருந்தா உள்ள வாரேனுங்ணா. இல்லீன்னா தெருமுக்குலதான் நிப்பேன். கோவிச்சுக்காதீங்க," என்று ஆட்டோக்காரர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதன்பின் வாசல் காலியாகும் நேரம் பார்த்து, எதிர்வீட்டுக்காரர் அந்த நீல நாற்காலியைத் தெருவில் போட்டு இடம் பிடித்தார். சேசிஸ் ஓட்டிவந்தவர்கள் அதைப் பார்த்துத் தள்ளிப் போனார்கள். அந்த அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "எனக்குன்னு வாங்குன சேரு. இப்ப அது ரோட்டுல காவலுக்குப் போயிருச்சு," என்று என்னிடம் சொன்னார்.

சில வாரங்கள் இப்படி ஓடியது. பிறகு ஒரு மதியம் அவர்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது நாற்காலி காம்பவுண்டு சுவரோரம் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் சேசிஸ். சக்கரத்துக்கு அடியில் கல். ஓட்டிவந்தவர் போய்விட்டார்.

ஆட்டோ தெருமுனையில் நின்றது. கணவர் ஓடிவந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினார். நானும் கூடவே போனேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்துச் சில அடி நடந்தார், உட்கார்ந்தார். எழுந்ததும் கணவர் நாற்காலியைத் தூக்கிச் சற்று முன்னால் கொண்டுபோய்ப் போட்டார். மறுபடி நடந்தார், உட்கார்ந்தார். பைக்கில் வந்த ஒருவர் ஹாரன் அடித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

வீட்டை நெருங்கும்போது நாற்காலி போட வழியில்லை. சேசிஸுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுதான் இடைவெளி. அந்த அம்மா தாங்கலுக்காக இரும்புச் சட்டத்தில் கை வைத்தார். வெயிலில் அது காய்ந்து கிடந்தது. சட்டென்று கையை எடுத்தார். பிறகு சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதையே பிடித்தார்.